லவோன் வாய் திறக்காத ஏழாவது இன்னிங்ஸ்

எங்கள் செயின்ட் ஒடில் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பூசை. காலையில் கோயிலில், மத்தியானம் பேஸ்பால் மைதானத்தில். முதல் பூசைக்கு வராதவனைப் பாதிரியார் மன்னித்துவிடுவார். இரண்டாவதற்கு வராதவனிடம் திங்கட்கிழமை முழுக்க யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

என் பெயர் நோர்பர்ட் ஸ்டாங்ல். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரி ஓட்டுகிறேன். எனக்குத் தொண்டை பெரிது, பொறுமை கொஞ்சம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மினசோட்டாவில் பாதிப்பேர் உங்களிடம் சொல்வார்கள். ஆனால் இது என்னைப் பற்றிய கதை இல்லை. என் மனைவி லவோனைப் பற்றியது.

லவோன் பிறந்தது ஹால்வெக்கில். இங்கிருந்து பதினோரு மைல். சைக்கிளில் போய்விடலாம். ஆனால் பேஸ்பால் என்று வந்துவிட்டால் அது வேறு நாடு. ஹால்வெக் ஒன்பது தடவை மாநிலப் போட்டிக்குப் போன ஊர். அதை ஊர் எல்லையிலேயே பலகை அடித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வருஷத்தையும் எழுதி. நான் தினமும் லாரியில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கள் ஊர் ஒரு தடவைகூடப் போனதில்லை. எங்கள் கல்யாணத்தன்று என் அப்பா அவள் அப்பாவிடம், “பொண்ணு தங்கமான பொண்ணு, ஊருதான் சரியில்ல” என்றார். மாமனார் பீர் கோப்பையைக் கீழே வைக்காமலே, “உங்க ஊரும் சரியில்லதான். அதைச் சரிபண்ணத்தான் அவள அனுப்புறேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் முதல் இரண்டு வருஷம் கோயில் விருந்துக்கு லவோனிடம் யாரும் உருளைக்கிழங்கு சாலட் கேட்கவில்லை.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். தினம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. உப்பைக் கண்ணால் பார்த்துப் போட மாட்டாள், கரண்டியால் அளந்துதான் போடுவாள். வீட்டிலும் அதே கதைதான். நான், “ஒரு சிட்டிகை கூடப் போட்டா செத்தா போயிடுவோம்?” என்று முப்பத்து நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூடப் போட்டதே இல்லை.

ஸ்கோர் புத்தகம் அவள் கைக்கு வந்ததும் அந்தக் குணத்தால்தான். முன்பு எங்கள் போஸ்ட்மாஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை மகன் அணியில் இருந்தான். அவன் எதை அடித்தாலும், எதிராளி பந்தைத் தவறவிட்டாலும், மனிதர் அதை ‘ஹிட்’ என்றே எழுதுவார். ஒருநாள் லவோன் பெஞ்சிலிருந்து, “அது ஹிட்டு இல்ல, அவன் கையில விழுந்து நழுவினது. தப்பு அவனோடது” என்று சொல்லிவிட்டாள். போஸ்ட்மாஸ்டர் கோபமாக, “அப்ப நீயே வந்து எழுது” என்றார். லவோன் எழுந்து போய் எழுதினாள். இருபத்தேழு வருஷமாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

மட்டைக்காரன் நிற்கும் இடத்துக்குப் பின்னால் கம்பி வலை போட்ட ஒரு மரக் கூண்டு இருக்கிறது. அதில் ஒரு நாற்காலி, ஒரு பலகை, ஒரு ஃபிளாஸ்க் காபி. எல்லா ஊரிலும் ஸ்கோர் எழுதுபவர்கள் பென்சிலும் ரப்பரும் வைத்திருப்பார்கள். லவோன் நீல பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவாள். ஏன் என்று கேட்டால், “தெரிஞ்சப்புறம் எழுதினா அழிக்க வேண்டாமே” என்பாள். அவளுக்குக் குழப்பம் வந்தால் ஒரு அடையாளம் உண்டு. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பாள். அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

இப்போது அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் மைதானத்தில் எங்களுக்கும் ஹால்வெக்குக்கும் ஆட்டம். ஜெயிக்கிற ஊர் மாநிலப் போட்டிக்குப் போகும், தோற்கிற ஊர் வீட்டுக்குப் போகும். ஹால்வெக் அணிக்கு மேனேஜர் எல்டன், லவோனுடைய சொந்தத் தம்பி. எங்கள் மேனேஜர் டுவேன், கார் மெக்கானிக், என்னைவிட ஒரு படி மேலே கத்துகிறவன். இடப்பக்க வேலிக்கு அப்பால் சோளம் ஆள் உயரம் நின்றது. வலப்பக்கம் கார்கள் மூக்கை மைதானம் பார்த்து வரிசையாக நின்றன. எங்கள் ஆள் ரன் எடுத்தால் எல்லாக் கார்களும் ஹாரன் அடிக்கும். எங்கள் ஊரில் கைதட்டல் என்றால் அதுதான்.

ஆறு இன்னிங்ஸ் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. ஏழாவதில் ஹால்வெக் அடிக்க வந்தது. இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் அவுட்டானால் அவர்கள் முறை முடிந்தது; ஆனால் ரன்னுக்குச் சுற்றி வரவேண்டிய மூன்று பேஸிலும் ஆள். இந்த நேரம் பார்த்து டுவேன், எங்கள் ஆள் கடைசியாகப் போட்ட பந்தைப் பற்றி அம்பயரிடம் கத்த ஆரம்பித்தான். அம்பயர் திரும்பக் கத்தினார். எங்கள் பெஞ்ச் முழுக்க அந்தச் சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பெஞ்சுக்குப் பின்னால் நின்று டுவேனுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஹால்வெக்கில் க்ரூபர் சகோதரர்கள் இருவர். ஒரே தாடி, ஒரே உயரம். வரிசைப்படி நாலாவது அண்ணன், ஐந்தாவது தம்பி. அந்த நேரத்தில் அண்ணன் கையுறையைக் காணோம் என்று பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். தம்பி தன் முறைதான் என்று நினைத்து மட்டையோடு வந்து நின்றுவிட்டான். இரண்டாவது பந்தைச் சோளத்தோரமாக அடித்தான். மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஐந்துக்கு இரண்டு.

அப்போது தற்செயலாகக் கூண்டைப் பார்த்தேன். லவோன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வலைக்கு ஓடினேன். “என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. போய் உக்காருப்பா.”

“கண்ணாடிய ஏன் தொடைக்கிற?”

“அழுக்கா இருக்கு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எறிகிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த பந்தை எறிந்தான். லவோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, எழுதினாள். அடுத்து வந்தவன் அடித்த பந்தைப் பிடித்து இன்னிங்ஸை முடித்தார்கள்.

டுவேன் புத்தகத்தைப் பார்க்க வந்தான். ஒரு நிமிஷம் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது.

“இது தம்பிக்காரன்தானே? நாலாவது எடத்துல இவன் எப்படி அடிச்சான்?”

“முறை மாறி வந்துட்டான்” என்றாள் லவோன்.

விஷயம் இதுதான். முறை மாறி ஒருவன் அடித்தால், அடுத்த பந்து எறிவதற்குள் எதிரணி அம்பயரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அடி செல்லாது, ரன் செல்லாது, ஒரு ஆள் அவுட். அடுத்த பந்து எறிந்துவிட்டால் போச்சு, நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் மூன்று ரன்னும் காற்றோடு போயிருக்கும்.

“நீ பாத்தியா?” என்றான் டுவேன்.

“பாத்தேன்.”

“பாத்துட்டா சும்மா இருந்த?”

“ஸ்கோர் எழுதுறவ சொல்லக்கூடாது டுவேன். சட்டத்துல இருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் சொல்லக்கூடாது. நீதான் பாத்திருக்கணும், நீ சண்டை போட்டுட்டு இருந்த.”

“நல்லா கேட்டுக்க. இன்னைக்கு நாம தோத்தோம்னா, அடுத்த வருஷம் இந்தக் கூண்டுல வேற ஆள் உக்காரும்.”

“அத அடுத்த வருஷம் பாக்கலாம். இப்ப உன் பக்கம் யாரு அடிக்க வரான்?”

செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. சாஸேஜ் விற்கும் இடத்துக்குப் போய்விட்டது, கார்களுக்கும் போய்விட்டது. பின்வரிசையில் ஒருத்தி, “அவ யாரு பக்கம்னு இப்பத்தானே தெரியுது” என்றாள். இருபத்தேழு வருஷம் ஒரே வாக்கியத்தில் அடிபட்டுப் போனது. நான் அந்த இடத்தில் எழுந்து என் மனைவிக்காகப் பேசியிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பலகை கண்ணில் வந்து நின்றது, பத்தாவது வருஷம் அதில் ஏறுவது தெரிந்தது. வலைக்குப் போய், இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

“ஹால்வெக் ரத்தம் எங்க போகும்?”

லவோன் தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சொன்னதை வாரி வாயில் போட்டுக்கொள்ள முடியுமா என்றிருந்தது. அவள் சத்தம் போடாமல், “நோர்ப், நீ மறைச்சு நிக்கிறதுல எனக்கு ஒண்ணும் தெரியல. தள்ளிக்க” என்றாள்.

தள்ளிக்கொண்டேன். பெஞ்சுக்குத் திரும்பிப் போக வெட்கமாக இருந்ததால் கூண்டின் ஓரத்திலேயே நின்றேன். எட்டாவது இன்னிங்ஸுக்கு முன்னால் எல்டன் வந்தான். அவனும் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தான்.

“அக்கா, நெஜமாவா? என் பசங்க மாறி நின்னத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“உங்க ஊர்க்காரங்ககிட்ட சொல்லலையா?”

“உங்கிட்டயும்தான் சொல்லல.”

எல்டன் தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான், தன் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

எட்டாவதில் எங்களுக்குக் கெட்ட நேரம் கூடியது. உயரப் போன பந்தைப் பிடிக்க எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து முட்டிக்கொண்டார்கள். ஒருவனுக்கு மூக்கில் ரத்தம், இன்னொருவனுக்கு முழங்கால். இரண்டு பேருக்குப் பதிலாக இரண்டு பேரை இறக்கினான் டுவேன்: டெரிக், மிட்ச். அடிக்கும் வரிசையில் ஏழாவது, எட்டாவது இடம் காலி. இரண்டு பேர் ஒன்றாக இறங்கினால் யார் எந்த இடத்தில் அடிப்பான் என்று மேனேஜர் அம்பயரிடம் சொல்ல வேண்டும். டுவேன் அடிபட்டவனைத் தோளில் தாங்கிக்கொண்டே எதையோ சொன்னான். அம்பயர் கூண்டுக்கு வந்து லவோனிடம் சொன்னார். அவள் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினாள். என் காதில் எதுவும் ஏறவில்லை. நான் சொன்ன வார்த்தைதான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் எடுத்தோம். ஐந்துக்கு மூன்று. ஹாரன் அரை மனதாகத்தான் கேட்டது.

ஒன்பதாவது, கடைசி. எங்கள் முறை. மணி ஐந்து, பால் கறக்கும் நேரம். பண்ணைக்காரர்கள் வழக்கமாக இந்நேரம் எழுந்து போய்விடுவார்கள். அன்றைக்கு ஒருவரும் எழவில்லை. முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் ஒரு அடி அடித்து முதல் பேஸ் போனான். மூன்றாவது ஆளுக்கு எறிகிறவன் நாலு கோணல் பந்து போட்டு, அடிக்காமலே பேஸுக்கு அனுப்பினான். நாலாவது ஆள் வெறுங்காற்றை மூன்று முறை வீசி அவுட். இரண்டு அவுட், இரண்டு ஆள் பேஸில். அடுத்து வந்தான் டெரிக். பொறுமையாக நின்றான், அவனும் நாலு கோணல் வாங்கினான். மூன்று பேஸும் நிறைந்தன.

மிட்ச் வந்தான். பத்தொன்பது பந்து வரை போராடினான் என்று ஊரில் சொல்வார்கள். ஏழுதான், லவோன் புத்தகத்தில் இருக்கிறது. ஏழாவது பந்தை அடித்தான். அது எல்லாரையும் தாண்டிப் போய், சோளத்து வேலியில் பட்டு உருண்டது. ஒருவன் வந்தான். இரண்டாவது ஆள் வந்தான், சமம். டெரிக் மூன்றாவது பேஸைச் சுற்றும்போது தொப்பி பறந்துபோனது. மூக்கு தரையில் உரச விழுந்து, மட்டை பிடிக்கும் இடத்தைத் தொட்டான். ஆறுக்கு ஐந்து.

ஹாரன் சத்தத்தில் கோயில் மணிகூடக் கேட்டிருக்காது. நான் யாரையோ கட்டிப்பிடித்திருந்தேன். பிறகு பார்த்தால் அது ஹால்வெக்காரன்.

அதற்குள் எல்டன் கையில் தங்கள் அணியின் ஸ்கோர் புத்தகத்தோடு மைதானத்துக்குள் ஓடினான். தன் ஆட்களை, “யாரும் வெளிய போகாதீங்க, நில்லுங்க” என்று கத்தினான். கடைசி அடிக்கு அப்புறம் அடுத்த பந்து கிடையாது, ஆட்கள் மைதானத்தை விட்டுப் போவதற்குள் சொன்னால் செல்லும். அம்பயரிடம் புத்தகத்தை நீட்டினான்.

“முறை மாறி அடிச்சிருக்கான். எங்க புத்தகத்துல ஏழு மிட்ச், எட்டு டெரிக். டெரிக்குக்கு அப்புறம் ஒன்பதாவது ஆளுதான் வரணும், மிட்ச் அடிச்சது செல்லாது.”

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. செல்லாது என்றால் அவுட். அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது, ஐந்துக்கு மூன்று, ஹால்வெக் ஜெயித்தது. எல்டன் ஏமாற்றுகிறவன் இல்லை. காயம்பட்டவர்கள் நின்ற இடத்தை வைத்து, யாருக்குப் பதில் யார் என்று பார்த்தால், அவன் எழுதியதைத்தான் யாரும் எழுதுவார்கள்.

அம்பயர் பின்பாக்கெட்டிலிருந்து தன் அட்டையை எடுத்தார். நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்த வேர்வையில் அது கூழாகியிருந்தது, பென்சில் எழுத்து மொத்தமும் கலைந்திருந்தது. டுவேனைப் பார்த்தார். டுவேன் என் பக்கம் சாய்ந்து, “நான் எப்படிச் சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல நோர்ப்” என்றான்.

அம்பயர் கூண்டுக்கு நடந்தார். எல்டன் பின்னால் போனான். மைதானமே அவர்களுக்குப் பின்னால் போனது என்று சொல்லலாம்.

“ஏழு யாரு, எட்டு யாரு?” என்றார் அம்பயர்.

“இப்ப நீங்க கேக்குறீங்க, அதனால சொல்றேன்” என்றாள் லவோன். “ஏழு டெரிக். எட்டு மிட்ச். எட்டாவது இன்னிங்ஸ்ல நீங்க வந்து சொன்னீங்க, நான் திருப்பிச் சொன்னேன், நீங்க தலையாட்டினீங்க.” புத்தகத்தை வலைக்கு அடியில் இருந்த சந்து வழியாக வெளியே தள்ளினாள். நீல மை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

ஹால்வெக் கூட்டத்திலிருந்து ஒருவன், “புருஷன் ஊரு ஜெயிக்கணும்னா வேற என்ன சொல்லுவா?” என்றான்.

எல்டன் திரும்பினான். அவள் தள்ளிய புத்தகத்தை அவன் தொடக்கூட இல்லை.

“டேய், வாய மூடு. ஏழாவதுல நமக்குக் கெடைச்ச மூணு ரன்னும் எங்க அக்கா போட்ட பிச்சை. அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம அப்பவே செத்தோம். ஊரே திட்டுச்சு, வாயத் தெறக்கல. அவளா இப்ப பொய் சொல்லுவா?” பிறகு அம்பயரிடம், “அவ எழுதினதுதான் சரி. நான் எழுதினது தப்பு” என்றான்.

அம்பயர் கையை உயர்த்தினார். அடி செல்லும்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பீர் மேலே பறந்தது. டுவேன் தரையில் உட்கார்ந்து தொப்பிக்குள் முகத்தை வைத்து அழுதான். பின்வரிசையில் பேசின அந்தப் பெண் கூண்டுப் பக்கம் வந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், “அடுத்த வாரம் கோயில் விருந்துக்கு சாலட் நீதான்” என்றாள். லவோன், “எத்தன பேருக்கு?” என்று கேட்டு அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். டுவேன் எழுந்து வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இந்தக் கூண்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்” என்றான். “கதவும் சாத்த மாட்டேங்குது” என்றாள் லவோன். அவர்களுக்குள் மன்னிப்பு அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகு நான் போனேன்.

“லவோன், நான் அப்ப சொன்னது...”

“இரு, கணக்கு கூட்டிட்டிருக்கேன்.”

அவள் கடைசி வரி வரைக்கும் கூட்டி, கீழே கோடு போட்டு, கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“நீ சொன்னதுல தப்பில்ல. ஹால்வெக் ரத்தம்தான். அது எனக்கும் எல்டனுக்கும் ஓடினதாலதான் இன்னைக்கு நம்ம ஊரு ஜெயிச்சுது.”

நேராக எங்கள் காருக்கு நடந்தேன். ஏறி உட்கார்ந்தேன். எங்கள் மைதானத்தில் ஓடி வந்தவனுக்குத்தான் ஹாரன், இருபத்தேழு வருஷத்தில் எழுதுகிறவளுக்கு ஒருவரும் அடித்ததில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். காலி மைதானத்தில் அது ஒற்றைச் சத்தமாகப் போனது. சாலையில் ஹால்வெக் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த எல்டனுடைய வண்டி நின்று, அதுவும் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

லவோன் ஃபிளாஸ்கும் புத்தகமுமாக வந்து கதவைத் திறந்தாள்.

“ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே. எதுக்கு இப்ப?”

“உனக்கு.”

“நான் ரன் எடுக்கலையே” என்றாள். சீட்டில் உட்கார்ந்தாள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே, “போதும்ப்பா, பேட்டரி போயிடும்” என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை.